நன்னியரைக் கூப்பிடும் குரல்

யார் மேல் பொறாமைப்படுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? அயல்வீட்டுக்காரன் மேல் படலாம். கூடப் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போனவன் மேல் தாராளமாகப் படலாம். பண்டத்தரிப்பில் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்துகிற குகதாசனோ ஒரு கார்ட்டூன் கிழவன் மேல் பொறாமைப்பட்டான்.

கிழவனுக்குப் பெயர் நன்னியர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு வரும் ‘நன்னியர் வீடு’ என்ற சிரிப்புத் தொடரின் நாயகன். பதினொரு வருடமாக ஓடுகிற தொடர். மொட்டைத் தலை, தொந்தி, ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் எதிலாவது போய் மாட்டிக்கொள்வார். கிணற்றுக்குள் இறங்கி ஏற முடியாமல் நிற்பார், அல்லது பிழையான பஸ்ஸில் ஏறி ஊர் மாறிப் போவார். அப்போது மனைவி பூரணம் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து, “இஞ்சா...ருங்கோ!” என்று ஒரு குரல் கொடுப்பாள். மனிதன் உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பறந்து வந்து சேருவார்.

புருசனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுவதற்கு யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் உள்ள சொல் அது. அதிலே கொஞ்சம் கோபம், கொஞ்சம் செல்லம், கொஞ்சம் ‘என்னை விட்டால் உங்களுக்கு ஆர்’ எல்லாம் சேர்த்து இழுக்கிற அந்தக் குரலுக்காகவே சனம் தொடரைப் பார்த்தது. குரலுக்குச் சொந்தக்காரி சிவகௌரி. குகதாசனின் மனைவி.

சரி, பெருமைப்பட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? பட்டான்தான். முதல் நாலைந்து வருடம் கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லித் தீர்த்தான். பிறகுதான் ஒரு நாள் மூளையில் உறைத்தது: தன்னை அவள் அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம்? அவனுடைய வேலைக் கொட்டில் வீட்டுக்குப் பின்பக்கம்தான். சாப்பாடு ஆயத்தம் என்றால் குசினியிலிருந்து அவன் கைபேசிக்கு ஒரு மிஸ்ட் கோல் வரும். இரண்டு தரம் அடித்து நிற்கும். தேத்தண்ணீர் என்றால் ஒரு தரம். இருபது அடி தூரத்தில் நிற்கிற தாலி கட்டிய புருசனுக்கு மிஸ்ட் கோல், அந்தக் கண்டறியாத கிழவனுக்கு இஞ்சாருங்கோ!

அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதை அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆனபடியால் வயிறு எரிந்துகொண்டிருந்தான்.

எரிகிறதில் எண்ணெய் ஊற்றவென்றே பரமலிங்கத்தார் வந்து சேர்ந்தார். வெங்காயத் தோட்டக்காரர், மிசினைத் திருத்தக் கொண்டுவந்திருந்தார்.

“குகன், நேற்றுப் பாத்தனியே? நன்னியர் கோயில் மதிலிலை ஏறி நிண்டு முழுசிறார், உன்ரை மனிசி ஒரு கூப்பிடு கூப்பிட்டா பார்! அட அட! நன்னியருக்குக் குரல் குடுக்கிறவன் குடுத்து வைச்சவனடாப்பா.”

குகதாசனின் கையிலிருந்த திருகு சாவி நழுவிக் காலில் விழுந்தது. அடடா, இது இவ்வளவு நாளும் தோன்றாமல் போயிற்றே! நன்னியர் வெறும் படம். அந்தப் படத்துக்குள்ளே இருந்து “வாறன், வாறன்” என்று குழைகிறவன் உயிருள்ள ஒருவன் அல்லவா? பெயர் கோபிசங்கர். பருத்தித்துறையில் பள்ளிக்கூட வாத்தியார், நாடகக்காரன். இன்னும் கலியாணம் கட்டவில்லையாம்.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

“உந்தக் கோபிசங்கர் எப்பிடி ஆள்?”

“ஏன்?”

“சும்மா கேட்டன்.”

“நல்ல மனுசன்,” என்றாள் சிவகௌரி. “இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?”

நல்ல மனுசன்! புருசனிடம் சொல்கிற பதிலா இது? சொதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழும்பிப் போனான். அந்த வாரம் முழுக்க அவன் திருத்திய மிசின் ஒன்றாவது ஒழுங்காகத் தண்ணீர் இறைத்திருக்காது.

சனிக்கிழமை வந்தது. சனிதான் ஒலிப்பதிவு நாள். அவள் காலை பஸ்ஸில் போனாள். குகதாசன் கொட்டிலைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடிப்பது. பிடித்து என்ன செய்வது என்று அவன் இன்னும் யோசிக்கவில்லை.

கலையகம் கொக்குவிலில் ஒரு மாடி வீட்டின் மேல் அறை. படி ஏறிக் கதவைத் தள்ளினால், ஒலிப்பதிவு செய்கிற கனிசியஸ் மட்டும் கணினிக்கு முன்னால் இருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவர் முழுக்க மெத்தை அடித்த சின்ன அறைக்குள் சிவகௌரி தனியே நின்று வெறும் சுவரைப் பார்த்து யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். காதில் பெரிய கேட்பொறி. குகதாசன் வந்ததை அவள் காணவில்லை.

“அட, அண்ணை! வாங்கோ, இருங்கோ,” என்றான் கனிசியஸ்.

“எங்கை மற்றவர்? நன்னியர்?”

“கோபி மாஸ்டரே? அவர் செவ்வாயிலை வந்து தன்ரை பகுதியைச் சொல்லிப்போட்டுப் போறவர். அக்கா சனி. நான்தான் ரெண்டையும் பொருத்திறது. ரெண்டு பேரும் நேரை கண்டு மூண்டு நாலு வருசமிருக்கும்.”

குகதாசன் கதிரையில் சாய்ந்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. உள்ளே சிவகௌரி ஏசி முடித்து, தாளைப் புரட்டி, “அடுத்தது கூப்பிடுறது. அதை விட்டிட்டுப் போறன்,” என்றாள். கனிசியஸ் எதையோ அழுத்தினான். ஒலிபெருக்கியில் “இஞ்சா...ருங்கோ!” என்று வந்தது.

குகதாசன் நிமிர்ந்தான். “இப்ப அவ வாய் திறக்கேல்லையே?”

“இது பழசு அண்ணை. தொடர் தொடங்கின நாள் எடுத்தது. உந்த ஒண்டைத்தான் பதினொரு வருசமாய்ப் போடுறம்.” கனிசியஸ் சிரித்தான். “உங்களுக்கு ஞாபகமில்லையே? அப்ப உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம். நீங்கள்தானே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். இதிலை இருந்து பேப்பர் வாசிச்சனீங்கள். அக்காவுக்கு அந்தச் சொல்லுச் சரியாய் வரேல்லை. ‘உங்கடை அவரைப் பாத்துக் கூப்பிடுங்கோ’ எண்டன். கூப்பிட்டா. நீங்கள் மெய்யாய்க் கூப்பிடுறா எண்டு பேப்பரை எறிஞ்சுபோட்டுக் கண்ணாடியடிக்கு ஓடி வந்தீங்கள்! நாங்கள் எல்லாரும் ஒரே சிரிப்பு.”

குகதாசனுக்கு நெஞ்சுக்குள் வெடி கொளுத்தியதுபோல இருந்தது. அடடா! ஐந்நூறு ஞாயிற்றுக்கிழமைகள் ஊர் முழுக்கக் கேட்டது அவனைக் கூப்பிட்ட குரலை. கோபிசங்கரையும் இல்லை, நன்னியரையும் இல்லை. பரமலிங்கத்தாரை இப்போதே போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

“நல்ல நேரம் வந்தீங்கள்,” என்றான் கனிசியஸ். “அடுத்தது ஐந்நூறாவது பாகம். நன்னியர் கோவிச்சுக்கொண்டு போட்டார், ஒருக்கால் கூப்பிட்டால் வரமாட்டார். மூண்டு தரம், மூண்டு மாதிரிக் கூப்பிடவேணும். பழசு சரிவராது. அக்கா காலமை துவக்கம் முயற்சி பண்ணுறா. நீங்கள் ஒருக்கால் முன்னாலை போய் நில்லுங்கோவன்.”

குகதாசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினான். தலைமயிரையும் ஒரு கையால் தடவினான். கண்ணாடிக்கு முன்னால் போய் மாப்பிள்ளைபோல நின்றான். சிவகௌரி அவனைக் கண்டு திகைத்தாள். கனிசியஸ் ஒலிவாங்கியில் விசயத்தைச் சொன்னான். அவள் கேட்பொறியைச் சரி செய்து, அவன் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ.”

பஸ்ஸில் கொண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

“இன்னொருக்கால் அக்கா.”

கூப்பிட்டாள். இந்த முறை காஸ் முடிந்துபோச்சு என்று அறிவிக்கிற மாதிரி இருந்தது. குகதாசன் சிரித்துக் காட்டினான். தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினான். ஏழு தரம் கூப்பிட்டாள். ஏழாவது தரம் குரல் அடைத்தது. கேட்பொறியைக் கழற்றிக் கொளுவிவிட்டு வெளியே வந்தாள்.

“வருதில்லை கனிசியஸ். பழசையே கூட்டிக் குறைச்சுப் போடுங்கோ.”

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்தாள். மானிப்பாய் தாண்டியது. கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் வரேல்லை? நான் முன்னாலைதானே நிண்டனான்.”

“நிண்டியள்தான்.”

“பிறகென்ன?”

“வீட்டிலையும் எவ்வளவு காலம் கூப்பிட்டுப் பாத்தனானப்பா,” என்றாள். சண்டைக்குச் சொல்கிற குரல் இல்லை. “வாசல்லை நிண்டு தொண்டை கிழியக் கூப்பிடுவன். மிசின் சத்தம் எண்டு நினைப்பன். மிசின் நிண்ட பிறகும் நீங்கள் திரும்பிறேல்லை. ஒரு நாள் ‘என்ன தொணதொணப்பு’ எண்டு கேட்டியள். அதுக்குப் பிறகுதான் மிஸ்ட் கோல். அதுக்கெண்டால் உடனை பாப்பியள்.”

“அப்ப அண்டைக்குக் கூப்பிட்டது?”

“அது கண்ணாடியடிக்கு ஓடி வந்த ஆளை.”

“அது நான்தானே!”

அவள் சற்று யோசித்தாள். “நீங்களாய்த்தான் இருந்தியள்,” என்றாள்.

ஒரு வாரமாகப் பருத்தித்துறை வாத்தியாரைப் பிடிக்கத் துடித்த கைகள் இப்போது மோட்டார் சைக்கிளின் கைபிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. பொறாமை மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை. அந்தக் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்த, இரண்டு மாத மாப்பிள்ளை மேல் அவனுக்கு அப்படி ஒரு பொறாமை. அவளிடம் என்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. குகதாசன் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னுக்குத் திருப்பினான். மோட்டார் சைக்கிள் வீதியோரத்துக்கு இழுபட்டது.

“ஐயோ, இப்பதானோ திரும்பிறது!” என்று அவன் முதுகில் ஒரு அடி போட்டாள் சிவகௌரி. “ரோட்டைப் பாத்து ஓடுங்கோ!”

அவன் ரோட்டைப் பார்த்து ஓடினான்.