மொத்த விலைக்கு மன்னிப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, ஹயாத்பாஷா எங்கள் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்டார். நடுவில் கஃபாவின் படம், சுற்றிலும் மினுங்கும் ரோஜாப்பூக்கள், கீழே ஒரு வரி: "தெரிந்தோ தெரியாமலோ யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்." மேட்டுப்பாளையத்து ஜனங்கள் தங்கமானவர்கள். இட்லி வெந்து இறங்குவதற்குள் 'மன்னித்தோம்', 'ஆமீன்' என்று நானூறு பதில்கள் குவிந்துவிட்டன. குழுவில் இருப்பது இருநூறு பேர். மிச்சப் பதில்கள் எங்கிருந்து வந்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.

நடுவில் ஒரே ஒரு பதில், பாயசத்தில் பல்லில் பட்ட கல் மாதிரி. மோட்டார் காயில் கட்டுகிற ஜாவித் போட்டது.

"எதுக்கு?"

நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். புயலில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் மத்தாப்பு. குழு கப்சிப் ஆனது. எனக்குத்தான் மனசு நிறைந்துவிட்டது. ரிடையர் ஆனதிலிருந்து இப்படி ஒரு நல்ல வாரம் வாய்த்ததில்லை.

விஷயம் போன வருஷத்து நோன்பில் நடந்தது. அதுவரை பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு ஜாவித்துடையது. காசுக்கு இல்லை. மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து, ஆள் உயரத் தேக்சா அண்டாவின் முன்னால் நிற்பான். பச்சரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். அந்த வாசனைக்கு ஊட்டி ரயில் மலை ஏற மனசில்லாமல் பின்னுக்கு வரும்.

ஆனால் கஞ்சி காய்ச்சுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவனும் நோன்பாளி, ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று ஓதியவர்கள் சொல்வார்கள். ஜாவித் அதற்கும் பயப்படுகிற ஆள். ஆகவே எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கிற நஞ்சப்பன் சாயங்காலம் வந்து, ஒரு கரண்டி ஊதிக் குடித்து, "உப்பு சித்த பத்தல பாய்" என்றோ "போதுமுங்க" என்றோ தீர்ப்புச் சொல்வார். எங்கள் பகுதி முழுக்க நோன்பு திறந்தது நஞ்சப்பனின் நாக்கை நம்பித்தான்.

அன்றைக்கு நஞ்சப்பன் கருமத்தம்பட்டியில் ஒறம்பரை வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். ஜாவித் கைப்பதத்தில் உப்பைப் போட்டுக் கிண்டிவிட்டு அஸர் தொழப் போனான். தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்றது ஹயாத்பாஷா. அன்றைய கஞ்சி அவர் செலவு.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஜமாஅத் முதல் மடக்கைக் குடித்தது. கஞ்சியில் உப்பு இல்லை, உப்பில் கஞ்சி இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இருமியதில் மினாராவில் இருந்த புறாக்கள் காரமடைக்குக் குடிபோயின. அன்றைக்கு எங்கள் தெரு குடித்த தண்ணீரில் பவானி ஆறு சத்தியமங்கலம் போய்ச் சேரவேயில்லை.

ஹயாத்பாஷா மைக்கைப் பிடித்தார். "கஞ்சி நான் மனசுல நெனச்ச நிய்யத்துங்க. உப்பு ஜாவித் பாயோட கைங்க" என்றார்.

அத்தோடு ஜாவித்தைத் தேக்சாவை விட்டு நிறுத்தினார்கள். ஊர் அவனுக்கு 'உப்பு பாய்' என்று பெயர் வைத்தது. பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிகூட, "உப்பு பாய் கடை எங்கீங்க?" என்று கேட்டுத்தான் வந்தார். ஹயாத்பாஷாவின் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருமா? உருளைக்கிழங்கு மண்டி முதலாளி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பையன்களுக்கு 'உன்னை நீ திருத்து' என்று புரொஜெக்டர் வைத்து வகுப்பு எடுக்கிறவர். மறுமையில் அவரவர் கணக்குக்கு அவரவர்தான் பதில் என்று அவர் சொன்னால், பின்வரிசையில் தூங்குகிறவனும் தூக்கத்திலேயே அழுவான்.

வாட்ஸ்அப்பில் 'எதுக்கு' வந்த மறுநாள், ஹயாத்பாஷா நேராக ஜாவித் கடைக்கு வந்தார். நான் முன்னதாகவே மிக்சியோடு போய் உட்கார்ந்திருந்தேன். மிக்சிக்கு ஒரு கேடும் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஜாவித் பாய்."

"வஅலைக்கும் ஸலாம். வாங்க ஹாஜியார். போறதுக்கு முந்தியே ஹாஜியார்ங்கறேன், பொறுத்துக்கங்க."

"குரூப்ல எதுக்குன்னு கேட்டுப்போட்டீங்களே."

"கேக்கக் கூடாதுங்களா? என்னன்னு தெரியாம எதைங்க மன்னிக்கறது?"

"தெரிஞ்சோ தெரியாமலோன்னு போட்டிருக்கறேனுங்களே."

"தெரிஞ்சது எது, தெரியாதது எது, பிரிச்சுச் சொல்லுங்க. உங்க மண்டியில மூட்டை மூட்டையா மொத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பழக்கம். இது சில்லறைக் கடைங்க. ஒவ்வொண்ணா எடுத்து வைங்க."

எங்கள் பக்கத்தில் சண்டை சூடேற ஏற மரியாதையும் ஏறும். வெளியூர்க்காரன் பார்த்தால் இரண்டு பேரும் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைப்பான்.

"அந்தக் கஞ்சி விசயமுங்களா" என்றார் ஹயாத்பாஷா, கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுல யாரோ ஒருத்தர் கை சித்த..."

"யாரு கைங்க?"

"இப்ப அதெல்லாம் எதுக்குங்க? மனசாரப் பொறுத்துக்கங்க."

"மைக்குல போட்டதை மைக்குலயே வந்து எடுத்துப்போட்டுப் போங்க. எம்மனசு தானாப் பொறுத்துக்கும்."

"உங்களை மாதிரி ஆளுகளாலதானுங்க நம்ம ஜமாஅத் முன்னேறாமக் கெடக்குது."

"ஆமாங்க. நீங்க முன்னேறி மக்கா வரைக்கும் போறீங்க. நாங்க இங்கயே கெடக்கறோம்."

அவர் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் பேரம் தொடங்கியது. மண்டியில் கிழங்கு விலைக்குக்கூட அவர் அப்படி இறங்கி வந்ததில்லை. முதலில் ஹஜ்ரத்தைத் தூது அனுப்பினார். பள்ளிவாசல் இமாம், சாது. போய்விட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அல்லாஹ்வுக்குச் செஞ்ச குத்தத்தை அல்லாஹ் மன்னிப்பான் பாய். மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தானுங்க மன்னிக்கோணும். அவன் கேக்கறது நியாயமா இருக்குது. நான் என்னங்க பண்ணட்டும்?"

அடுத்தது, தனியறையில் ஜாவித் காதில் சொல்கிறேன் என்று ஒரு விலை. முடியாது. நான்கு பெரியவர்கள் முன்னால் என்று ஒரு விலை. முடியாது. குழுவில் குரல் பதிவாக, அதுவும் கேட்டவுடன் அழிகிற மாதிரி. இந்தக் கடைசித் தூதை எடுத்துப் போனது நான்தான். ஜாவித் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஒரு வருஷத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பார்க்கிற மாதிரி இல்லை.

வியாழக்கிழமை, பயணத்துக்கு முந்தின நாள், அந்தச் சிரிப்பைச் சொல்ல ஹயாத்பாஷா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார் அவர் மனைவி சித்திகா. அவரும் ஹஜ்ஜுக்குப் போகிறவர். நான் சொன்னதைக் கேட்டதும் இஹ்ராம் துணியை மடித்த கை அப்படியே நின்றது.

"நீங்கதானே உப்பைப் போட்டீங்க?" என்றார் கணவரிடம்.

"மெதுவாப் பேசு. ஆளு இருக்குது."

"இருக்கட்டும். அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னீங்கல்ல, கை சித்த தாராளமாப் போயிருச்சு சித்திகான்னு. நானுஞ் சிரிச்சேன். அதுல என் பங்கும் இருக்குது. இதைத் தூக்கிக்கிட்டு அரஃபாத் மைதானத்துல போய் நிக்க என்னால ஆகாதுங்க. ஏர்ப்போர்ட்டுல எடை போடறப்பவே மாட்டிக்கும்."

"நாலு பேருக்கு முன்னாடி என் மரியாதை என்னாகறது? பசங்க இனி வகுப்புக்கு வருவாங்களா?"

"வகுப்புல என்னத்தச் சொல்லித் தாரீங்க? தன் குத்தத்தைத் தானே பார்க்கோணும்னுதானே. ஒருக்காச் செஞ்சு காட்டுங்க."

"நீ பொட்டியக் கட்டு."

"கட்டறதா இல்லீங்க" என்று சித்திகா அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார். நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹயாத்பாஷா மைக் முன்னால் நின்றார். வாசலில் கோவை விமான நிலையத்துக்குப் போக வேன் தயார். ஜாவித் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தவன் மாதிரி.

ஹயாத்பாஷா நஃப்ஸில் ஆரம்பித்தார். மனித மனம் முரட்டுக் குதிரை என்றார். குதிரை வெகுதூரம் ஓடியது. ஊட்டி ஏறி, மைசூர் இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னாலிருந்து சித்திகா ஒரு இருமல் இருமினார். குதிரை நின்றுவிட்டது.

"போன வருசம் கஞ்சியில ஜாவித் பாய் போட்ட உப்பு சரியா இருந்துச்சுங்க. அதுக்கு மேல நாந்தான் போட்டேன். பழியை அவரு மேல போட்டதும் நாந்தான். தெரிஞ்சேதான் போட்டேன். அவரு என்னைப் பொறுத்துக்கோணும்."

சபை உருகிக் கண்ணீர் விட்டிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஜமாஅத்தை உங்களுக்குத் தெரியாது. "எங்கத்தாவுக்கு அன்னைக்கு பி.பி. ஏறி ஆஸ்பத்திரியில கெடந்தாருங்க, அதுக்கு யாரு பதில்?" என்றது ஒரு குரல். "ஞாயித்துக்கிழமை வகுப்புல இந்தப் பாடமெல்லாம் வரவேயில்லீங்களே" என்றது இன்னொன்று. வாசலில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நஞ்சப்பன், "நான் ஒரு நாள் லீவு போட்டதுக்கா இத்தன கூத்து" என்றார். ஹயாத்பாஷா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். முகம் வாடிப்போயிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

வேனுக்குப் பக்கத்தில் ஜாவித் வந்து நின்றான். நெஞ்சு நன்றாக நிமிர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறித்து யார் கண்ணிலாவது படுமோ என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"மன்னிச்சுட்டேனுங்க. மனசாரத்தான். நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றான்.

ஹயாத்பாஷா வேனில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னலோரம் இருந்த சித்திகா, "சந்தோசமுங்க ஜாவித் அண்ணா. எங்களுக்கு துஆ செய்யுங்க" என்றார்.

பதிலுக்கு ஜாவித்தும் ஊர் வழக்கப்படி வாயைத் திறந்தான். "எம்பக்கமும் தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும்..."

அத்தோடு நின்றுவிட்டான். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. யாரும் அவனை 'எதுக்கு?' என்று கேட்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். நிமிர்ந்திருந்த நெஞ்சு என் கண்ணெதிரே இறங்கியது.

"ஒவ்வொண்ணாச் சொல்லிப்போடறேனுங்க" என்றான்.

"வண்டிக்கு நேரமாச்சு" என்றார் ஹயாத்பாஷா.

"உங்க மண்டியில ஊட்டிக் கெழங்கோட வடக்கத்திக் கெழங்கைக் கலக்கறாங்கன்னு கேரளாக்காரங்ககிட்டச் சொன்னது நானுங்க."

"அது நீயா?"

"உங்க வகுப்பெல்லாம் செல்போனைப் பார்த்து காப்பி அடிக்கறதுன்னு பசங்ககிட்டச் சொன்னதும் நாந்தானுங்க."

"படுபாவி." ஹயாத்பாஷாவின் பல் நறநறத்தது காரமடை வரை கேட்டிருக்கும். "சரி. மன்னிச்சேன். மன்னிச்சேன். வண்டிய எடுப்பா."

"இன்னொண்ணு இருக்குதுங்க." ஜாவித் இப்போது அவரைப் பார்க்கவில்லை. சித்திகாவையும் நேராகப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தான். "உங்க பையனுக்குச் சத்தியமங்கலத்துல இருந்து சம்பந்தம் வந்துச்சுல்லீங்க. பொண்ணூட்டுக்காரங்க விசாரிக்க எங்கடைக்குத்தான் வந்தாங்க. அந்தக் குடும்பம் வாயத் தொறந்தாப் பொய்யி, பையனும் அப்படித்தான்னு சொல்லிப்போட்டேன். அந்தப் பையன் தங்கமுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

எனக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று ஊருக்கே புரியாமல் இருந்தது. பையன் அதற்கப்புறம் பெண் பார்க்கவே வேண்டாம் என்று பெங்களூருக்குப் போய்விட்டான். பெருநாளைக்குக்கூட வரவில்லை.

ஹயாத்பாஷா ஏதோ சொல்ல வந்தார். சித்திகா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எம்புள்ள ஒரு வருசமா எங்கிட்டச் சரியாப் பேசறதில்ல" என்றார். "நம்ம பேருல என்னம்மா கொறைன்னு கேட்டான்."

"பொறுத்துக்கோணும் அம்மணி."

"இப்ப முடியாதுங்க. பொய்யா மன்னிச்சேன்னு சொல்லிப்போட்டுப் போக மாட்டேன். நீங்க சத்தியமங்கலம் போங்க. அந்த ஊட்டுல யாருகிட்டச் சொன்னீங்களோ அவருகிட்டயே போயி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. அப்புறம் எம்புள்ளைக்குச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஃபோன் போடுங்க. அப்பப் பார்க்கலாம்."

கண்ணாடி ஏறியது. வேன் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் காலை ஜாவித் சத்தியமங்கலம் பஸ் ஏறினான். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். வீட்டில் எனக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை? வழி முழுக்க நான் இருவருக்கும் சேர்த்துப் பேசினேன்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றார். முறம் அளவு மீசை, முரட்டு உடம்பு. ஜாவித் வந்த காரியத்தைச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை, குதிரை கிதிரை ஒன்றும் ஓட்டவில்லை. நான் சொன்னது பொய், அவங்கப்பா மேல் இருந்த ஆத்திரத்தில் சொன்னேன், அந்தப் பையன் நல்லவன், அவ்வளவுதான்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சுங்க" என்றார் அவர்.

"தெரியுமுங்க. இருந்தாலுஞ் சொல்லோணும்."

அவர் ஜாவித்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். அடடா. நானும் எத்தனையோ ஊரில் கம்பம் ஏறி எத்தனையோ ஏச்சு வாங்கினவன். அப்படி ஒரு ஏச்சை இந்தக் காது கேட்டதில்லை. ஜாவித்தின் முப்பாட்டன் வரை போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்தார். வேலிக்கு மேல் தலைகள் முளைத்தன. உள்ளேயிருந்து தண்ணீர்கூட வரவில்லை. ஜாவித் சித்திரை வெயிலில் நின்றே கேட்டான்.

நடுவில் நான் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவரு பேசட்டுமுங்க" என்று ஜாவித் என் கையை அழுத்தினான்.

மீசைக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். ஜாவித் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றான். "கேட்டுட்டு, அப்புறம் அந்தப் பையனுக்கு ஃபோன் பண்ணோணும்."