தட்டின் கடைசியில் சொன்ன பெயர்

1925-இல் ஈப்போவில் என் பெயர் தெரியாத தமிழர்கள் குறைவு. பசார் பக்கம் எந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் கிராமபோனில் என் குரல் கேட்கும். பாட்டு முடிகிற இடத்தில் ‘ஈப்போ ஆம்புரோஸ்’ என்று நானே என் பெயரை இழுத்துச் சொல்வதும் கேட்கும். தட்டின் கடைசியில் பாடியவன் பெயர் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை! இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மூடி மூடி வைத்து என்ன கண்டேன்? சொல்லித் தொலைக்கிறேன்.

நான் லகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவன். தோட்டத்தில் நாங்கள் மூன்றே வீடு வேதக்காரர்கள். மற்ற எல்லாரும் மாரியம்மன் கோயில் கும்பிடுகிறவர்கள். கூலி வீட்டு வரிசையான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அப்பாவுவும் அவர் பெண்சாதி பாப்பாவும். இரண்டு பேரும் மரம் சீவுகிறவர்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பாப்பாவை அக்கா என்றும் அவரை மச்சான் என்றும் கூப்பிட்டு, பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஈப்போ பயாஸ்கோப் கொட்டகையில் ஊமைப் படத்துக்கு ஆர்மோனியம் வாசிக்க எனக்கு இடம் கிடைத்தபோது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைல் நடந்து வந்தவர் மச்சான். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் இரண்டு மணி நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனுஷன் இருபத்தொன்றாம் வருஷம் காய்ச்சலில் விழுந்து மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் பெண்கள் கூடி மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். எல்லாச் சாவுக்கும் வைக்கிற அதே மெட்டு. அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாடையைத் தூக்கப்போகிற நேரத்தில் ஆரம்பித்தாள். அது யாரும் கேட்டிராத மெட்டு. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மற்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு அடியும் மேலே மேலே ஏறிப்போய், கடைசியில் இறங்கி வந்து ‘அப்பாவு’ என்று நின்றது.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண் அவள். கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி பெயர் பதிய வந்து கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்லுவாள். பதினைந்து வருஷமாக வாயில் வராத பெயர் அன்றைக்குப் பாட்டுக்குள் வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அழுதது பொய்யில்லை. ஆனால் என் வலது கை என்ன செய்தது தெரியுமா? முழங்கால் மேல் விரல் விரலாக அந்த மெட்டுக்குச் சுரம் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், கையை எடுக்கவில்லை.

ஒப்பாரி மெட்டைச் சாவும் திவசமும் இல்லாத வீட்டில் யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். அது இன்னொரு சாவை அழைக்கும் என்று பயம். அதனால் அந்த மெட்டை மறுபடி தோட்டத்தில் எவரும் எடுத்து நான் கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் என் பிழைப்பு ஆட்டம் கண்டது. கல்யாணம், காதுகுத்து என்று என்னைக் கூப்பிட்டவர்கள் கிராமபோன் பெட்டியை வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டிக்குச் சோறு போட வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இனிமேல் தட்டில் இருக்கிறவன்தான் பாட்டுக்காரன் என்று ஆகிப்போனது. ஈப்போவில் தட்டு விற்றுக்கொண்டிருந்த உடையப்பனிடம் போய் நின்றேன். கம்பெனி வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூருக்கு வந்து பாட்டுப் பிடிக்கப்போகிறார்கள், ஆள் அனுப்பும் பொறுப்பு அவருடையது. எனக்குத் தெரிந்த நாடகப் பாட்டெல்லாம் பாடிக் காட்டினேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

“இதெல்லாம் மெட்ராஸ் பிளேட்டுலயே இருக்கு லா. நீ பாடி எவன் வாங்குவான்? யாரும் கேக்காத மெட்டு ஒன்னு கொண்டா, சிங்கப்பூர் போலாம். இல்லாட்டி பயாஸ்கோப்லயே கெட.”

ஒரு வாரம் உருட்டிப் பார்த்தேன். என் மண்டையில் சொந்தமாக ஒரு மெட்டுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எட்டாம் நாள் கை தானாக அதை வாசித்தது என்று சொல்லலாம். சொன்னால் பொய். முதல் சுரத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசித்தேன். ஓட்டத்தைக் கூட்டி, தபேலா சேர்த்து, ‘மைனாவே மைனாவே, மால போட வாரியா’ என்று வார்த்தையை மாற்றிவிட்டால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மச்சான் பெயர் வந்து நிற்கிற அந்த இறக்கத்துக்கு மட்டும் எந்த வார்த்தையும் ஒட்டவில்லை. சிங்கப்பூரில், பெரிய குழாய்க்கு முன்னால் நிற்க வைத்து, கடைசியில் உன் பெயரைச் சொல் என்றார்கள். அந்த இடத்திலேயே என் பெயரைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

தட்டு வந்தது. கோப்பெங்கிலிருந்தும் ஆயர் தாவாரிலிருந்தும் என்னைத் தேடி ஆள் வந்தார்கள். கொட்டகை வாசலில் படத்தின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி வைத்தார்கள். தோட்டத்துக்கு மட்டும் நான் ஒரு வருஷமாகப் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லி அனுப்புவேன். அப்புறம் அக்காவின் மகள் மங்களத்துக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. தம்பி கட்டாயம் வர வேண்டும் என்று அக்கா இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தாள். போனேன்.

காலை முகூர்த்தம். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பந்தல். கிராணி தன் கிராமபோனைக் கொண்டுவந்து வைத்து, நம்ம தோட்டத்துப் பிள்ளை பாடின பாட்டு என்று என் தட்டையே எடுத்தார். ‘அது கீறல் விழுந்த தட்டு, வேற போடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை என் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. மானங்கெட்ட ஆசை.

இரண்டாவது அடியிலேயே பெண்கள் பக்கம் சலசலப்பு. தோட்டத்தில் எல்லாச் சாவுக்கும் முன்னால் நின்று அழுகிற மாரியம்மா எழுந்துவிட்டாள். “என்னா இது, பாப்பா ஒப்பாரி மாதிரியில்ல இருக்கு?” என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். மாப்பிள்ளையின் தாயார் முகம் மாறியது. தாலி கட்டுவதற்கு முன்னால் மணப்பந்தலில் ஒப்பாரி. அவள் மகன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒருத்தரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். மங்களம் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவள் கழுத்து மாலை நடுங்கியதை நான் பார்த்தேன்.

தாலி அறுத்தவள் என்று அடுப்படியிலேயே நின்றிருந்த அக்கா கரண்டியோடு முன்னால் வந்தாள். என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. பிறகு சிரித்தாள்.

“ஒப்பாரியா? நல்லா கேட்டிங்க போங்க. இது எங்க ஊரு நடவுப் பாட்டு. தம்பிக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள். நம்ப வைக்க வேண்டுமே, அதற்காகத் தட்டோடு சேர்ந்து பாடவும் செய்தாள். மைனாவே மைனாவே என்று, தலையை ஆட்டி ஆட்டி, என் பெயர் வருகிற இடம் வரைக்கும். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லி அதற்கும் பாடினாள். மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்தாள். தாலி ஏறியது. நான் பந்தியில் உட்காராமல் லகாட் வரைக்கும் நடந்தே வந்தேன். எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். திருடினேன் என்றேன். திருடியதைத் திருப்பிக் கொடு என்றார். உடையப்பனிடம் போய் அந்தத் தட்டை விற்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில், என்னிடம் இருந்த தட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கண் முன்னால் உடைத்துப் போட்டுவிட்டுக் காலில் விழ வேண்டும் என்று எண்ணம்.

அக்கா கோபமே காட்டவில்லை. வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கல்யாணம் நல்லபடியாக நடந்ததே, விடு என்றாள். மங்களம் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டது பாருங்கள், அப்படிப்பட்டவன் நான்.

அப்புறம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“போன வாரம் அவுங்களுக்குத் தெவசம். வருசத்துல அந்த ஒரு நாளு நான் வாய்விட்டு அழுவேன். வௌக்கேத்தி வச்சிட்டு உக்காந்தேன். வாயத் தொறந்தா மைனா மைனான்னுதான் வருது. சரி, கடைசியில அவுங்க பேரயாச்சும் கூப்புட்டுறலாம்னு பாத்தேன்.”

காப்பிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அந்த எடத்துல உம் பேருதான் வருது தம்பி.”

தட்டை நான் உடைக்கவில்லை. உடைத்து என்ன ஆகப்போகிறது? துணியில் சுற்றியபடியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.