அசல் ஃபைலில் ஒரு போட்டி

கட்டுமான மேலாண்மை சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எப்படியாவது ஒரு நிஜக் கட்டடத்தை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடத் துடிப்பார்கள். அவளுக்கு அது கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. ஊரின் மறுகோடியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் கணினி மாதிரியைத் தம்பியை நச்சரித்தே வாங்கிவிட்டாள். தம்பி அங்கே சைட் இன்ஜினியர்.

"ஃபைலைத் திறக்கிறவங்க பட்டியல்ல உன் பேரையும் சேர்த்திருக்கேன் அக்கா. ஆபீசுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாங்க. காப்பி எடுத்துட்டு அதுல விளையாடு" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

வேலையில்லாமல் மாமனார் வீட்டில் சாப்பிட்டு, சாப்பாட்டோடு அவர் பேச்சையும் சேர்த்து விழுங்கியவன் அவன். இந்த வேலை கிடைத்த பிறகுதான் நிமிர்ந்து நடக்கிறான்.

நேற்று ஆய்வகத்தில் போட்டி வைத்தாள். திரையில் கட்டடம் மாடி மாடியாக வளரும்; பக்கத்திலேயே எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற அட்டவணை ஓடும். ஒவ்வொருவராக வந்து அட்டவணையை மாற்றி, யார் அதிக நாளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசியாக வந்து ஜெயித்தவனுக்கு வகுப்பில் அவசரக்குடுக்கை என்று பேர். பேருக்குப் பங்கமில்லாமல், தளம் போட்டபின் காங்கிரீட் இறுகக் காத்திருக்கும் நாட்களை அப்படியே அழித்துவிட்டிருந்தான்.

இன்று காலை அதைத் திரையில் போட்டு, "நீ கட்டுற வீட்டுல மொத ராத்திரி நீயே படுத்துக்கோ ராசா" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "காங்கிரீட் இறுகுற வரைக்கும் தளத்தைத் தாங்குறது அடியில இருக்கிற முட்டுதான். நீ மறுநாளே அதை உருவச் சொல்லியிருக்கே" என்று திரையைத் தொட்டுக் காட்டியவள், அதன் ஓரத்தில் இருந்த வரியைப் பார்த்தாள். மாற்றங்கள் பணியிடத்துக்கு அனுப்பப்பட்டன.

நேற்று முழுக்க விளையாடியது நகலில் இல்லை. அசலில். அதில் கை வைத்தால் அங்கே மேஸ்திரிகளின் கையிலுள்ள கருவிகளில் அன்றன்றைய வேலை மாறிவிடும். மூன்றாம் தளத்துக்கு நேற்றுத்தான் காங்கிரீட் போட்டார்கள்.

தாழ்வாரத்துக்கு ஓடி வந்து தம்பியை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

பணியிடத்து ஆபீஸ் எண் இருந்தது. அதை அழுத்தினால் முட்டு நிற்கும், தம்பியின் வேலை போகும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், அவனே கூப்பிடுவான் என்று மனசு நைசாக ஒரு யோசனை சொன்னது. இப்படியும் ஒரு மனசா என்று அவளுக்கே கூசியது. ஆபீசை அழைத்தாள்.

"மூணாவது தளத்துக்கு அடியில முட்டு எடுக்கச் சொல்லி வந்திருக்கும். எடுக்க விடாதீங்க சார். அட்டவணை தப்பு."

"எங்க அட்டவணை உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் திட்ட மேலாளர்.

"என் தம்பி குடுத்தான். அங்க சைட் இன்ஜினியர். மாத்தினது நான். மொதல்ல ஆளுங்களை வெளிய வரச் சொல்லுங்க, அப்புறம் என்ன வேணா கேளுங்க."

அவர் போனை வைக்காமலே ஓடினார். விசில் சத்தம் கேட்டது. யார் யாரோ கத்தினார்கள். இரும்பு மேல் இரும்பு விழுந்தது, அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் போனதோ, மூச்சிரைக்க அவர் குரல் வந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. முட்டுல பாதியை உருவிட்டாங்க. விரிசல் விட்டிருக்கு. நிக்குது."

வகுப்பு வாசலில் அவசரக்குடுக்கை முகத்தில் ஈயாடாமல் நின்றிருந்தான். "மேடம், என்னாலயா?"

"இல்லப்பா. என்னால" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பி கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. சட்டையெல்லாம் சிமென்ட் தூசி.

"ஏன்டா போன் எடுக்கலே?"

"அடியில நின்னேன். முட்டுக்காலைப் பிடிச்சுக்கிட்டிருந்த கையில எப்படி எடுக்கிறது?"

"நீயா? நீ எதுக்குடா அடியில போனே?"

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டுவான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஆளுங்க உள்ள போகமாட்டேன்னாங்க. இவ்வளவு சீக்கிரமாவா சார்னு கேட்டாங்க. எனக்கும் சந்தேகம்தான். மாத்தினது யாருன்னு பார்த்தேன், உன் பேரு இருந்துச்சு. எங்கக்கா பார்க்காம போடமாட்டா, வாங்க நானும் கூட நிக்கிறேன்னு சொல்லி நான்தான் எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போனேன்."