கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக், அவன் மனைவி, மனைவியின் தம்பி, தம்பியின் மடியில் ஒரு லேப்டாப். பேச்சில் வராமல் இன்னொருத்தியும் இருந்தாள். அவள் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளைப் பற்றித் தம்பிக்கு ஒன்றும் தெரியாது.

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயரை யாரும் கூப்பிட்டு நாளாகிவிட்டது. 'சல்லிசு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். விமான டிக்கெட்டை அவனைப் போல மலிவாகப் பிடிக்கிற ஆள் அந்தத் தெருவில் இல்லை. போக வேண்டிய ஊர் கிழக்கே இருந்தால் முதலில் மேற்கே அனுப்புவான். விமான நிலையத் தரையில் துண்டை விரித்துப் படுக்க வைப்பான். போய்ச் சேர்ந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டுவார்கள். அடுத்த முறையும் அவனிடமே வருவார்கள். அவனுக்குப் பெண் தேடிய சமயத்தில், "ரெண்டு ஸ்டாப் இருக்கிற பொண்ணா பாருங்க, அதான் அவனுக்குக் கட்டுப்படியாகும்" என்று அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அத்தான், பிடிச்சுட்டேன். வந்து பாருங்க" என்றான் சல்லிசு. "உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கிற புது ஊருக்கு நேரா போனா இந்த விலை. பகல் கொள்ளை. இப்ப இதைப் பாருங்க. அதே விமானம், அதே நேரம். ஆனா டிக்கெட் புது ஊரோட முடியல. அங்க விமானம் மாறி இன்னொரு ஊருக்குப் போகுது. இது பாதி விலை."

"தூரமா போறது எப்படிடா மலிவா இருக்கும்?" மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடைசி ஊருக்குப் போட்டி ஜாஸ்திக்கா. ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் அறுத்துக்கிட்டு விலையை இறக்குறாங்க. நமக்கென்ன, நாம அங்கயா போகப்போறோம்? கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவுல பஸ்ஸை விட்டு இறங்கினா கண்டக்டர் வந்து கையைப் பிடிச்சு இழுப்பானா? அத்தான் புது ஊர்ல இறங்குறாரு, வெளிய நடந்து போயிடுறாரு. அடுத்த விமானத்துல ஒரு சீட்டு காலியா போகும். போகட்டும்."

"கடைசி ஸ்டாப் எது?" என்றான் மெக்கானிக்.

சல்லிசு ஊர்ப் பெயரைச் சொன்னான்.

மனைவியின் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"உங்களுக்குப் பழகின ஊருதானே அத்தான்! அங்க குடுத்த குடியிருப்பு அட்டை இன்னும் காலாவதி ஆகலையே? அதான் விஷயமே. கவுன்டர்ல அதைக் காட்டினாத்தான் ஏத்துவான். வேற யாருக்கும் இந்த டிக்கெட்டை என்னால எடுத்துக் குடுக்க முடியாது. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

அந்த ஊரை விட்டு மெக்கானிக் ஏன் வந்தான் என்பதற்கு மனைவியைத் தவிர மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்த காரணம், சம்பளத் தகராறு. உண்மைக் காரணம் ஒரு துண்டு கம்பி.

லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு பூட்டு உண்டு. கதவு மூடி, பூட்டு விழுந்து, அதன் உள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டால்தான் மின்சாரம் ஓடும், லிஃப்ட் நகரும். அந்த ஊரில் அவன் பார்த்துக்கொண்ட ஒரு அலுவலகக் கட்டடத்தில் நாலாம் மாடிப் பூட்டு தேய்ந்து போயிருந்தது. முனைகள் சரியாகத் தொடாமல் லிஃப்ட் அடிக்கடி நடுவில் நின்றது. கட்டட மேலாளர் கத்தினார். புதுப் பூட்டுக்கு எழுதிப் போட்டால், விலை அதிகம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றது கம்பெனி. மெக்கானிக் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு கம்பியால் இணைத்துவிட்டான். கதவு பூட்டியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிட்டது. எல்லா மெக்கானிக்கும் ஒரு தடவையாவது செய்கிற வேலைதான். புதுப் பூட்டு வரும்வரை தாங்கும் என்று நினைத்தான்.

தாங்கவில்லை. துப்புரவு செய்கிற பெண் வாளியோடு வந்து நாலாம் மாடிக் கதவை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை.

மறுநாள் விடிவதற்குள் மெக்கானிக் அந்த ஊரில் இல்லை. வாழ்க்கையில் அவன் விலை கேட்காமல் வாங்கிய ஒரே டிக்கெட் அதுதான். சல்லிசு இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? ரெண்டு நாள் பொறுத்திருந்தா? நினைச்சா வயிறு எரியுது அத்தான்."

சமையலறையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காமல் இருக்க.

"வேண்டாங்க. அந்த ஊர் பேரே டிக்கெட்ல இருக்கக்கூடாது. அவங்க உங்களைத் தேடிக்கிட்டு இருப்பாங்க."

"நான் அங்க போகலையே. நடுவுலயே இறங்கிடுவேன்."

"என் கடை முதலாளிகிட்ட சம்பளம் முன்கூட்டியே கேக்குறேன். நேர் டிக்கெட் எடுங்க."

"உன் தம்பிகிட்ட என்ன காரணம் சொல்லுவே?"

அதுதான் சிக்கல். பாதி விலையை வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு காரணமும் கிடையாது, ஒன்றைத் தவிர.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விடாதீங்க" என்றாள் கடைசியாக.

"ஓணான் வேலியிலயே இருக்கட்டும். நாம அந்தப் பக்கமே போகலைங்கிறேன்." அவன் குழாயை மூடினான். பூட்டுக்குப் பதில் கம்பி போட்ட அன்றும் அவன் குரல் இப்படித்தான் சாதாரணமாக இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

முன்னறைக்கு வந்து, "எடுத்துடு" என்றான்.

சல்லிசு விரல்களைச் சொடுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். "ஒரே ஒரு விஷயம் அத்தான். பெட்டி எதையும் விமானத்து வயித்துல போடக் குடுத்துடாதீங்க. பெட்டி உங்களை மாதிரி புத்திசாலி இல்ல, நடுவுல இறங்கத் தெரியாது. நேரா கடைசி ஊருக்குப் போயிடும். தோள் பை மட்டும்தான்."

அதனால் ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் வீட்டில் நின்றுவிட்டன. மாடிக் கதவுகளை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி மட்டும் அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. புது ஊர்க் கம்பெனியில் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஒரு வருஷமாக வீட்டில் சும்மா உட்கார்ந்து, மனைவி சம்பளத்தில் தின்று, மச்சானின் யோசனைகளைக் கேட்டுக் கேட்டு அவன் ஓய்ந்துபோயிருந்தான்.

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலாவதித் தேதியை நகத்தால் தொட்டாள். தேதியைத் தாண்டி அவள் எதையும் பார்க்கவில்லை.

"கடைசி ஊர் வரைக்கும் போறீங்க. பெட்டி இல்லையா?"

"இல்ல."

"சுமையில்லாம பயணம். நல்லது" என்று சிரித்து இரண்டு போர்டிங் பாஸ்களைக் கொடுத்தாள். ஒன்று புது ஊர் வரைக்கும். இன்னொன்றில் அந்த ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கழிவறைக்குப் போய் அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டான். கை லேசானது போல இருந்தது.

விமானத்தில் ஜன்னல் பக்கம் அவன். பக்கத்தில் ஒரு பருமனான துணி வியாபாரி. புது ஊரில் இறங்கினதும் சந்தைக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே மேகம் வெள்ளையாக, இடைவெளி இல்லாமல் கிடந்தது. இறங்க வேண்டிய நேரம் வந்தது. இறங்கவில்லை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது. மறுபடி வட்டம் போட்டது. ஜன்னலில் ஒரே வெயில் திரும்பத் திரும்ப வந்து போனது.

ஒலிபெருக்கியில் விமானி பேசினார். புது ஊரில் கடும் பனிமூட்டம். இறங்க முடியாது. எரிபொருள் போட்டுக்கொண்டு காத்திருக்க, பக்கத்தில் இருக்கிற பெரிய விமான நிலையத்துக்குத் திருப்புகிறோம். எந்த ஊர் என்று பெயரைச் சொன்னார்.

மெக்கானிக் நாலாகக் கிழித்துப் போட்ட தாளில் கொட்டை எழுத்தில் இருந்த அதே பெயர்.

"அட கஷ்டகாலமே" என்றார் வியாபாரி. "சரி விடுங்க தம்பி. நம்மள கீழ இறக்கமாட்டாங்க. சீட்டுலயே உக்கார வச்சு, பனி விலகினதும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுவாங்க. எனக்குப் போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு."

மெக்கானிக் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். சீட்டிலேயே உட்கார வைப்பார்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது பெல்ட்டை இன்னும் இறுக்கினான். ஜன்னலுக்கு வெளியே அவனுக்குத் தெரிந்த கட்டடங்கள் தெரிந்தன. சிலவற்றின் லிஃப்டுகளை அவன் கையால் பழுது பார்த்திருக்கிறான். ஜன்னல் மறைப்பை இழுத்து மூடினான்.

விமானம் நின்றது. யாரும் எழவில்லை. மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டான்.

அப்போது மறுபடி ஒலிபெருக்கி. "ஒரு நல்ல செய்தி. இந்த ஊர்தான் கடைசி ஊர் என்று டிக்கெட் எடுத்திருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் தயவுசெய்து இருக்கையில் இருக்கவும்."

முன்வரிசைகளில் நாலைந்து பேர் உற்சாகமாக எழுந்து பைகளை எடுத்தார்கள். மெக்கானிக் அசையவில்லை. பணிப்பெண் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக வந்தாள். அவன் பக்கத்தில் நின்றாள்.

"சார், நீங்களும்தான். உங்க ஊர் வந்தாச்சு."

"இல்லம்மா. நான் புது ஊர்ல இறங்கணும்."

"உங்க டிக்கெட் இங்க வரைக்கும் இருக்கே சார். அங்க போய் மறுபடி இங்கதானே வரப்போறீங்க? அலைச்சல் மிச்சம்."

"அங்க ஒரு ஆளைப் பார்க்கணும்."

"விமானம் மாற ஒரு மணி நேரம்தானே இருந்துச்சு. அதுக்குள்ள யாரைப் பார்க்கப்போறீங்க?"

வியாபாரி அவன் தொடையில் தட்டினார். "குடுத்து வச்சவன்யா நீ! நாங்க இங்க புழுங்கிச் சாகணும், உனக்கு வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்கி விடுறாங்க. எந்திரிப்பா, என்ன யோசனை?"

மயக்கம் வந்த மாதிரி விழலாமா என்று பார்த்தான். விழுந்தால் டாக்டர் வருவார். வந்து கீழேதான் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையைச் சொல்லலாமா? இந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தேன், ஆனால் இந்த ஊருக்கு வருவதாக இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஏன் என்று கேட்டால்? மச்சானிடமே சொல்ல முடியாததை இந்தப் பெண்ணிடமா?

நேர் டிக்கெட் எடுத்த பருமனான மனிதர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இருநூறு பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் இறங்கமாட்டேன்" என்றான்.

பணிப்பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. அவள் முன்னால் போய்த் திரும்பி வந்தபோது, பளீரென்ற மஞ்சள் மேல்சட்டை போட்ட தரைப் பணியாளர் இருவர் கூட வந்தார்கள். அவர்கள் அவனைத் தொடவில்லை. தொடாமல் இரண்டு பக்கமும் நின்றார்கள். தலைகள் திரும்பின. அவன் பெல்ட்டை அவிழ்த்தான்.

நடைபாலத்தில் போகும்போது கைபேசி தானாக விழித்துக்கொண்டது. சல்லிசின் செய்தி. 'அத்தான், இறங்கியாச்சா? எப்படி நம்ம டிக்கெட்? அக்கா ஏதோ மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டிருக்கா. ஒரு போன் போடுங்க.'

போடவில்லை. குடியேற்றச் சோதனை வரிசை குட்டையாக இருந்தது. ஒளிந்துகொள்ள ஆள் போதவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி கடவுச்சீட்டை வாங்கினார், அட்டையை வாங்கினார். சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் விரலை வைக்கச் சொன்னார். வைத்தான். வியர்வையில் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்.

அதிகாரி திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் தொலைபேசியை எடுத்து மூன்று வார்த்தை பேசினார்.

"சார், நான் இந்த ஊருக்கு வரலை" என்றான் மெக்கானிக். "பனிமூட்டம். விமானத்தைத் திருப்பிட்டாங்க."

அதிகாரி அவன் டிக்கெட் விவரத்தை வாசித்தார். "இங்க வரைக்கும்தானே எடுத்திருக்கீங்க?"

"அது மலிவா இருந்துச்சு."

பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் காவலர் வந்தார். கைபேசியையும் தோள் பையையும் வாங்கிக்கொண்டார். கால்சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னார். முக்கோணச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"லிஃப்ட் கதவு திறக்கிற சாவி."

அவர் அதைத் தனியாக ஒரு உறையில் போட்டார். பிறகு ஒரு நீளமான நடையில், ஜன்னல் இல்லாத சுவர்களுக்கு நடுவே அவனைக் கூட்டிப்போனார். கடைசியில் ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை.

"அந்தக் கட்டட வழக்கைப் பார்க்கிற அதிகாரி வந்துக்கிட்டிருக்கார்" என்றார். "உள்ள போங்க."

வாசல்படியில் அவன் கால் ஒரு கணம் நின்றது. எட்டிக் கீழே பார்த்தான், தரை இருக்கிறதா என்று. தரை இருந்தது. உள்ளே போனான்.

பின்னால் கதவு மூடியது. முதலில் தாழ் விழுகிற சத்தம், உடனே உள்ளே இரண்டு முனைகள் தொட்டுக்கொள்கிற சின்னச் சத்தம். தேய்மானமே இல்லாத நல்ல பூட்டு.