கழித்துவிட்ட கரித்தூசி

அந்த வானியல் ஆராய்ச்சிக்காரி பண்ணிய தப்பு, சொன்னால் சிரிப்பீர்கள். நட்சத்திரத்தின் சூட்டை அளக்கும்போது, பக்கத்தில் வெறும் வானமாக இருக்கிற ஓர் இடத்தையும் அளந்து கழிக்க வேண்டும். அன்றாட வேலைதான். ஆனால் அவள் தேர்ந்தெடுத்த இடம் வெறும் வானமாக இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த, கொஞ்ச நாளாக மங்கிப்போன கிழட்டு நட்சத்திரம் காலங்காலமாக ஊதித் தள்ளிய கரித்தூசி அதுவரைக்கும் பரவிக் கிடந்தது. நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த தூசியின் சூட்டிலிருந்து அதே தூசியின் சூட்டையே கழித்துவிட்டு, மீதி ஒன்றுமில்லை என்றாள். அதோடு விட்டாளா? நட்சத்திரம் மங்கியது தூசி மறைத்ததால் அல்ல, அது அணைந்தே போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டாள். பாராட்டு வேறு குவிந்தது.

இன்று மதியம் அவள் வேலையை நிரந்தரமாக்கும் கூட்டம். பாழாய்ப்போன தப்பு இன்று காலையில்தானா கண்ணில் பட வேண்டும்? மாடிப்படிக்குக் கீழே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"அது சாகலைங்க. தூசிக்குள்ளதான் இருக்கு. மேல மூடியிருந்த கடைசி வாயுப் போர்வையை இப்பதான் உதறிக்கிட்டிருக்கு. மாசத்துக்கு மாசம் மாறும், இப்ப விட்டா திரும்பப் பாக்க முடியாது. இதைப் பாக்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்."

"இதப் பாரு, இன்னிக்கு ஒருநாள் வாயத் திறக்காத. எனக்கும் வேலை இல்ல. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவோம்? வேலை கைக்கு வரட்டும், அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கலாம்."

கூட்டம் சீக்கிரமே முடிந்தது. "வேலை உனக்குத்தாம்மா" என்று துறைத்தலைவர் கை குலுக்கினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி, அழுகையே வந்துவிட்டது.

"இன்னொண்ணு. அந்த நட்சத்திரத்துக்கு ஒதுக்கின தொலைநோக்கி நேரத்தை வேறெதுக்காவது மாத்திடலாம். நீ சொன்னதுக்கப்புறம் மத்தவங்க எல்லாருமே நிறுத்திட்டாங்க. செத்ததை யாரு பாத்துக்கிட்டிருப்பா?"

இப்போது சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் உலகத்தில் ஒரு கண்கூட அந்தப் பக்கம் திரும்பாது. ஐயோ, இதற்கா இத்தனை வருஷம் கண் விழித்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஒரு வருஷம் பாக்கலாமே சார்" என்றாள்.

"எதுக்கும்மா? உனக்கே சந்தேகமா?"

சுற்றியிருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"இல்ல சார்."

துறைத்தலைவர் அங்கேயே தொலைநோக்கி நிலையத்துக்குப் போன் போட்டுப் பேசினார். "அந்த நேரத்தை வேற நட்சத்திரத்துக்கு எடுத்துட்டாங்களாம்" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் அவள்.