வேலியில் நின்ற கீரை

கம்பாலாவின் வெளிநாட்டுச் சாமான் கடையில் எனாங்கா தன் நாடான கேமரூனிலிருந்து வந்த சென்னாக்கூனிப் பொட்டலத்தைக் கண்டாள். மூக்கில் வைத்து இழுத்தாள். ஊர் வாசனை. கடைக்காரர் சிரித்தார்.

"கசப்புக்கீரை?"

"வரலம்மா. அடுத்த மாசம் பாருங்க."

மறுநாள் ஊர்க்காரர்களின் கூட்டம், முதன்முதலாக அவள் வீட்டில். ஊர்க் கீரைக்கறியான எண்டோலே சமைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கசப்புக்கீரை இல்லாமல் எண்டோலே ஏது? "பசலைய வேகவெச்சுப் பேர மாத்திராதடி," என்று கூட்டத்தில் மூத்தவளான லிமுங்கா அக்கா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

வீட்டருகே வந்தபோது பக்கத்து வீட்டு நபுக்கேரா தன் செடிவேலியை வெட்டிக்கொண்டிருந்தாள். அறுந்த கிளையின் பச்சை வாசனை எனாங்காவை நிறுத்தியது. ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். நாக்கு சுருண்டது. கசப்புக்கீரையேதான்! இன்னொன்றும் கிள்ளினாள்.

"இது என்ன செடி, அக்கா?"

"முலுலூசா. காய்ச்சலுக்குக் குடிப்போம். உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒரு அண்டா நிறைய வேணும்."

நபுக்கேராவின் அரிவாள் நின்றது. "அண்டாவா? வீட்ல எத்தன பேருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல. சாப்பிடத்தான்."

"சாப்பிடவா?" நபுக்கேரா நம்பவில்லை. கீரையைத் தானே சுமந்து வந்து, அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

எனாங்கா சமையல் சோடா போட்டு வேகவைத்தாள். பிழிந்தாள். பச்சை நுரை ஓடியது.

"மருந்தெல்லாம் சாக்கடைக்குப் போகுது," என்றாள் நபுக்கேரா.

எனாங்கா கொஞ்சம் வாயில் வைத்தாள். ஊர்க் கீரையைவிடக் கசப்பு. மறுபடி அலசினாள். அதிகம் அலசினால் வெறும் புல்தான். நுரை மெலிந்தது. ஓர் இழை கசப்பு நின்றது. போதும் என்று நிறுத்தினாள். நிலக்கடலை விழுது, கூனி, இறைச்சி. வீடே அவள் ஊர் டுவாலாவாக மணத்தது.

மறுநாள் லிமுங்கா முதல் கவளம் எடுத்தாள். எனாங்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

லிமுங்கா இன்னொரு கவளம் எடுத்தாள். "எந்தப் பிளைட்ல வரவெச்ச?"

எனாங்கா ஜன்னலைக் காட்டினாள்.

லிமுங்கா வேலியைப் பார்த்தாள். தட்டை வழித்து முடித்தாள். கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலியாக்கி, அதோடு வெளியே நடந்தாள். பின்னாலேயே இருவர் எழுந்தார்கள்.

மூலையில் இரண்டாம் தட்டோடு இருந்த நபுக்கேரா வாயைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்:

"அம்மாமாரே, எங்க வீட்லயும் காய்ச்சல் வரும். நாலு இலையாச்சும் விட்டு வைங்க."