திருப்பித் தராத இருட்டு

கன்னியப்பன் தன் தம்பி தனக்கோடியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது இருட்டில். இரண்டாம் உலகப் போரில் பட்டணத்தின் மேல் குண்டு விழும் என்று, அரசாங்கம் வீட்டுக்கு ஓர் அறை இருட்டு கொடுத்திருந்தது. கம்பளி போலக் கெட்டியான சரக்கு. உள்ளே விளக்கேற்றினால் சுடர் தெரியும், வெளிச்சம் வராது.

பர்மா எல்லையில் ரோடு போட ஆள் எடுத்தார்கள். தனக்கோடி புறப்பட்டான்.

"மூஞ்சி தெரியலண்ணே. நீதான்னு நம்பித்தான் கால்ல விழுறேன்."

விழுந்தது அரிசிப் பானைக்கு முன்னால். பக்கத்தில் நின்ற கன்னியப்பன், பானையின் சார்பில் "நல்லாயிரு" என்றான். தம்பி சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு அறையிலேயே தங்கிவிட்டது. அரசாங்க இருட்டில் எதுவும் கெடுவதில்லை.

சண்டை முடிந்ததும் தெருவே இருட்டைச் சுருட்டிக் கயிறு கட்டி மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பியது. கன்னியப்பன் மட்டும் தரவில்லை. தம்பி செத்த செய்தி வந்திருந்தது. தினமும் வேலைவிட்டு வந்து, அறைக்குள் போய் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அவன் மனைவி தாயாரம்மாள் அதுவரை சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தாள்.

இருட்டு இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். தன்மையான மனிதர், அவர் மகனும் திரும்பி வராதவன்தான். மோர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். முதல் உலகப் போர் முடிந்தபோதும் இருட்டைத் திருப்பிக் கேட்டார்களாம். தோற்ற ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் தங்களுடையதையும் கொண்டுபோய் அவர்கள் முற்றத்திலேயே கொட்டினார்கள். பூட்டிய அறைகளில் அது வளர்ந்தது. பிள்ளைகள் அதற்குள்ளேயே பெரியவர்களாகி, சீருடையோடு வெளியே வந்தார்கள். இரண்டாவது போர் வந்தது அப்படித்தான்.

"வெச்சிருக்கிறது தப்புன்னு சொல்லலைங்க. நானும் வெச்சுப் பாத்தேன். கூடம் வரைக்கும் வந்துடுச்சு."

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். இருட்டு நிலைப்படியைத் தாண்டி, தாயாரம்மாள் பாய் விரிக்கும் இடத்தைத் தொட்டிருந்தது.

"சிரிப்ப மட்டும் பிரிச்சுக் குடுக்க முடியுங்களா?"

"துணியில ஏறின சாயம் மாதிரிங்க அது."

தாயாரம்மாள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இதுவும் நாளைக்குப் பானை கால்ல விழுந்துட்டுப் போவணுமா?" என்றாள்.

கன்னியப்பன் உள்ளே போய் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்டான். வெளியே வந்து வேட்டியை மடித்துக் கட்டினான். அவனும் இலாகாக்காரரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுருட்டினார்கள்.

சுருட்டி முடித்தபோது மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஜப்பான்காரி. சண்டைக்குப் போன மகனைத் தேடித் தன் வீட்டு இருட்டுக்குள் நுழைந்தவள். எல்லா இருட்டும் உள்ளுக்குள் ஒன்றுதான் என்பதால் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். இருட்டு மட்டும்தான் தன் பொறுப்பு, ஆட்கள் அதில் சேரமாட்டார்கள் என்று இலாகாக்காரர் சொன்னார். அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

தாயாரம்மாள் அவளுக்குச் சோறு போட்டாள்.

அந்தப் பெண் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தனக்கோடியின் தட்டில் சாப்பிடுகிறாள்.